குட்டி யானை முதுகில் புல்லட்

பைக் வழியில் நின்றுவிட்டாலும் சரி, வீடு மாற்றினாலும் சரி, பழைய வண்டியை வெளியூரில் விலைபேசி முடித்தாலும் சரி, நம் ஊரில் உடனே வரும் யோசனை ஒன்றுதான்: ஒரு குட்டி யானையைக் கூப்பிடு. குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் 2005இல் சந்தைக்கு வந்தது. அதன் பாடி 2.2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், பக்கத் தகடு ஓர் அடி உயரம். இரண்டு மீட்டர் நீளமுள்ள ஸ்ப்ளெண்டர் அதில் தாராளமாக நிற்கும். புல்லட் என்றே பலரும் அழைக்கும், 2.145 மீட்டர் நீளமுள்ள கிளாசிக் 350 நேராக நின்றால் பின் கதவை மூடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கோணலாக நிறுத்துவார்கள்.

வண்டி வந்து நின்றதும் நடப்பது பெரும்பாலும் இதுதான். பக்கத்தில் எங்கேயோ வீடு கட்டும் இடத்திலிருந்து ஒரு சாரப் பலகை வரும். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் ஹேண்டில் பாரைப் பிடிக்க, மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ள, “ஏத்து ஏத்து, விடாதே” என்ற சத்தத்தோடு வண்டி மேலே போய்விடும். பத்தில் ஒன்பது முறை ஒன்றும் ஆகாது. பத்தாவது முறை ஏன் கவிழ்கிறது என்று கேட்டால், “சரியாப் பிடிக்கலை” என்பார்கள். பிடித்த கையைக் குறை சொல்வது எளிது. பலகை எத்தனை டிகிரி சாய்ந்திருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. ஏற்றுவதிலும் கட்டுவதிலும் இறக்குவதிலும் பாதி வேலையைச் செய்வது கோணம்தான்.

பாடியின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பலகை ஆறடி. சாய்வுப் பலகையில் ஒரு பொருளை மேலே தள்ளத் தேவையான விசை, அதன் எடையை உயரத்தால் பெருக்கிப் பலகையின் நீளத்தால் வகுத்தால் கிடைக்கும். பள்ளியில் படித்த கணக்கு. கிளாசிக் 350இன் எடை 195 கிலோ. ஆறடிப் பலகையில் அதை ஏற்ற ஏறக்குறைய 81 கிலோவைத் தூக்கும் அளவு விசை வேண்டும். எட்டடிப் பலகை கிடைத்தால் 61 கிலோ போதும். 112 கிலோ ஸ்ப்ளெண்டருக்கு இதே கணக்கில் 47, 35. இரண்டடி நீளம் கூடினால் ஓர் ஆளின் வேலை மிச்சமாகிறது.

நீளமான பலகை கிடைக்காத இடத்தில் அனுபவசாலி டிரைவர்கள் உயரத்தைக் குறைத்துவிடுவார்கள். வண்டியைப் பின்னால் எடுத்து, பின் சக்கரங்கள் ஒரு பள்ளத்தில் இறங்கும்படி நிறுத்துவார்கள். அல்லது சாலையோர மண்மேட்டில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்துவார்கள். அரை அடி குறைந்தாலே ஆறடிப் பலகையில் 81 கிலோ 65 ஆகிவிடும். மேடு பாடிக்குச் சமமாக அமைந்துவிட்டால் பலகையே வேண்டாம். உருட்டிக்கொண்டு உள்ளே போகலாம்.

சாய்வு செங்குத்தாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. முன் சக்கரம் பாடிக்குள் ஏறி, பின் சக்கரம் இன்னும் பலகையில் இருக்கும்போது, பாடியின் விளிம்பு ஒரு கூரை முகடு மாதிரி இன்ஜினுக்கு அடியில் வந்து நிற்கும். ஆறடிப் பலகை தரும் 24 டிகிரிக்குச் சற்று மேலான சாய்வில், கிளாசிக் 350இன் இரு சக்கரங்களுக்கு நடுவே அந்த முகடு சுமார் 14 செ.மீ. மேலே ஏறுகிறது. வண்டியின் தரை இடைவெளி 17 செ.மீ. மிச்சம் மூன்று செ.மீ.தான். தள்ளுகிற வேகத்தில் ஷாக்கப்ஸர் கொஞ்சம் அமுங்கினால் இன்ஜினின் அடிப்பகுதியோ சைலன்சரோ விளிம்பில் உட்கார்ந்துவிடும். வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் வராது, பிடித்திருப்பவர்களின் கை நடுங்க ஆரம்பிக்கும். எட்டடிப் பலகையில் முகடு 11 செ.மீ.க்குள் அடங்கிவிடும்.

பலகை நீளமானால் வளையும் என்பது உண்மை. அதற்கு வழி கனத்தில் இருக்கிறது. பலகையின் கனத்தை இரட்டிப்பாக்கினால் அது தாங்கும் பாரம் நான்கு மடங்காகும்; வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஓர் அங்குலச் சாரப் பலகைக்கும் இரண்டு அங்குலப் பலகைக்கும் உள்ள தூரம் அவ்வளவு. முடிச்சு விழுந்த மரத்தையும் ஆணி அடித்து ஆணி பிடுங்கிய பலகையையும் இதற்குத் தொடவே கூடாது.

இனி, பலகையின் நடுவில் வண்டி நிற்கும் அந்த இரண்டு மூன்று நொடிகள். விபத்து நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

தள்ளுகிறவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, ஒரு நிமிஷம் நிறுத்தலாம் என்று தோன்றுகிறது. “தம்பி, பிரேக்கைப் பிடிச்சுக்கோ” என்று பின்னாலிருந்து குரல் வரும். இடப்பக்கம் நின்று ஹேண்டில் பாரைப் பிடித்திருப்பவருக்கு எட்டுவது முன் பிரேக் மட்டும்தான். பின் பிரேக் மிதி வலப்பக்கம் கீழே இருக்கிறது. அவர் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறார். சக்கரம் சுழலாமல் நின்றுவிடுகிறது. ஆனாலும் வண்டி பின்னோக்கி வழுக்குகிறது. பிரேக்கில் கோளாறு என்று அவர் நினைத்துக்கொள்வார்.

பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை. சமதரையில் பைக்கின் எடை இரண்டு சக்கரங்களிலும் ஏறக்குறையப் பாதிப் பாதியாக இறங்குகிறது. சாய்வில் ஏறும்போது எடை பின் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதாக எடுத்துக்கொண்டால், ஆறடிப் பலகையில் கிளாசிக் 350இன் முன் சக்கரம் பலகையை அழுத்துவது சுமார் 53 கிலோ அளவுக்கு. பின் சக்கரம் 124 கிலோ அளவுக்கு. உலர்ந்த மரத்தில் ரப்பரின் உராய்வுக் கெழு 0.7 என்றால் முன் சக்கரம் பிடித்து நிறுத்தக்கூடியது 37 கிலோதான். வண்டியைக் கீழே இழுப்பதோ 81 கிலோ. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் முன் பிரேக் இந்தக் கணக்கை வெல்லாது. பின் சக்கரத்துக்கு அதே உராய்வில் 87 கிலோ பிடிப்பு கிடைக்கிறது. மயிரிழையில் தாங்கிவிடும். பலகையில் ஈரமோ மணலோ இருந்தால் அதுவும் போச்சு.

அப்படியானால் பின் சக்கரத்தை எப்படிப் பூட்டுவது? விவரமறிந்த மெக்கானிக்குகள் இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி தள்ளுவார்கள். நிற்க வேண்டும் என்றால் கிளட்ச்சை விட்டுவிடுவார்கள். அந்தக் கணமே பின் சக்கரம் இன்ஜினோடு கோத்துக்கொண்டு நின்றுவிடும். இடக்கையில் இருக்கும் கிளட்ச் லிவர் பின் பிரேக்காக மாறிவிடுகிறது. ‘பிரேக்கைப் பிடி’ என்பதற்குப் பதிலாக, “கிளட்ச்சை விடுங்க சார்!” என்று கத்தும் டிரைவர் கிடைத்தால் அவருடைய எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

ஸ்கூட்டருக்கு இந்தத் தந்திரம் பலிக்காது, கியர் இல்லை. ஆனால் தேவையும் இல்லை. பின் பிரேக் லிவர் இடக்கையிலேயே இருக்கிறது. 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2019 முதல் கட்டாயமாக்கப்பட்ட இணைப்பு பிரேக்கினால், அந்த லிவரைப் பிடித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். ஸ்கூட்டரின் இன்ஜின் எடையும் பின்னால்தான். சாய்வில் பின் சக்கரம் இன்னும் அழுத்தமாக உட்காரும்.

சிலர் ஜம்பமாக வண்டியை ஓட்டியே ஏற்றுவார்கள். கால் ஊன்ற இடமில்லாத ஒரு சாண் அகலப் பலகையில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இன்ஜின் அணைந்துபோனால் காலை எங்கே ஊன்றுவது என்று அவர்கள் யோசித்துப் பார்ப்பதில்லை.

இன்ஜின் விசையில் ஏற்றும்போது பலகையே உதைத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு. வண்டி சீரான வேகத்தில் பலகை மேல் ஏறும்வரை பலகைக்குப் பின்னோக்கித் தள்ளல் கிடையாது. நேர் கீழே எடை மட்டும்தான். முன் சக்கரம் பாடியின் விளிம்பில் முட்டித் தயங்கும்போதுதான் கதை மாறுகிறது. ஓட்டுபவர் ஆக்சிலேட்டரை முறுக்குவார். முன்னே போக முடியாத பின் சக்கரம் பலகையைப் பின்னே தள்ளும். பலகையின் மேல்நுனி விளிம்பிலிருந்து நழுவினால் வண்டி, ஆள், பலகை எல்லாம் ஒரே குவியல். பலகையைப் பாடியின் கொக்கியோடு ஒரு கயிற்றால் கட்டிவிட்டால் இந்த ஆபத்து இல்லை. அரை நிமிட வேலை. பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. பிக்கப்பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல் வைப்பதும் அப்படித்தான்.

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் உள்ள பந்தயத் தடங்களுக்கு வரும் பைக்குகளைப் பார்த்தால் இதே வேலை வேறு விதமாக நடக்கும். பந்தய பைக்கில் ஹெட்லைட் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. சாலையில் ஓட்ட முடியாது. பிக்கப்பிலோ வேனிலோதான் வந்தாக வேண்டும். அங்கே பைக் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து வராது. பல பந்தய பைக்குகளில் சைடு ஸ்டாண்டையே கழற்றியிருப்பார்கள். முன் சக்கரம் ஒரு கவ்வியில் செருகப்பட்டு, நான்கு பெல்ட்டுகளில் விறைப்பாக, நிமிர்ந்து நிற்கும்.

நம் லோடுமேன்கள் சைடு ஸ்டாண்டை நம்புகிறார்கள். சாய்த்து நிறுத்தி, மேலே கயிற்றைப் போட்டு, இரண்டு பேர் தொங்கி இழுத்துக் கட்டுவார்கள். நிற்கிற வண்டிக்கு அது சரி. ஓடுகிற வண்டிக்குச் சரிவராது. சைடு ஸ்டாண்டு பின்னோக்கி மடிவது. பைக்கை முன்னே உருட்டினால் அது தானாக மடங்கிவிடும். பிக்கப் திடீரென பிரேக் அடிக்கும்போது பைக் செய்ய விரும்புவதும் அதையேதான்: முன்னே உருள்வது. எந்தக் கணத்தில் தாங்கல் மிகவும் தேவையோ அந்தக் கணத்தில் ஸ்டாண்டு கழன்றுகொள்கிறது. போதாக்குறைக்கு, கயிறு கீழே இழுக்கும் விசையில் ஒரு பங்கு ஸ்டாண்டின் ஒற்றை போல்ட்டில் வந்து விழுகிறது.

கயிற்றை எங்கே கட்டுவது? ஓடும் வண்டியில் சரக்கு எவ்வளவு முரண்டுபிடிக்கும் என்பதற்கு அமெரிக்க, ஐரோப்பிய விதிகளில் ஓர் அளவு இருக்கிறது. திடீர் பிரேக்கில் முன்னோக்கி, சரக்கின் எடையில் 80 விழுக்காடு. வளைவுகளில் பக்கவாட்டில் 50 விழுக்காடு. கிளம்பும்போது பின்னோக்கி 50 விழுக்காடு. கிளாசிக் 350க்கு முன்னோக்கி 156 கிலோ, மற்ற திசைகளில் 97 கிலோ. முன்னோக்கிய விசையைத் தாங்கக் கயிற்றை நம்ப வேண்டியதில்லை. முன் சக்கரத்தைப் பாடியின் முன் தகட்டோடு ஒட்டி நிறுத்தினால் தகடு தாங்கிக்கொள்ளும். நடுவில் ஒரு பழைய டயரைச் செருகும் வழக்கம் நம்மிடம் உண்டு. அருமையான வழக்கம், ரிம்மும் தகடும் உரசாது.

பக்கவாட்டில் சாயாமல் இருக்கத்தான் கயிறு. பைக் சாய்வது சக்கரம் தரையைத் தொடும் கோட்டை அச்சாகக் கொண்டு. அந்தக் கோட்டிலிருந்து கயிறு எவ்வளவு விலகி ஓடுகிறதோ அவ்வளவு அதன் பிடி வலுவானது. ஹேண்டில் பாரிலிருந்து நேர் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கட்டினால் எவ்வளவு முறுக்கினாலும் பைக் ஆடும். அதே கயிற்றைப் பாடியின் மூலைக்குக் கொண்டுபோனால் பாதி இறுக்கத்தில் அசையாமல் நிற்கும். முன்பக்கக் கயிறுகள் இரண்டும் கீழே, வெளியே, முன்னே என்று மூன்று திசைகளுக்கும் சமமாக இழுக்கும்படி அமைந்தால், இழுவிசையில் ஒவ்வொரு திசைக்கும் 58 விழுக்காடு கிடைக்கும். கூட்டினால் நூறைத் தாண்டுகிறதே என்று தோன்றும். திசையுள்ள அளவுகள் அப்படித்தான். சாதாரணக் கூட்டலுக்கு அடங்காது.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் சண்டை வரும். கயிற்றை இறுக்க இறுக்க முன் ஃபோர்க் அமுங்குகிறது. கிளாசிக் 350இன் ஃபோர்க் மொத்தம் 130 மி.மீ. அமுங்கக்கூடியது. கொஞ்சமும் அமுக்காமல் கட்டினால், பிக்கப் வேகத்தடையில் குதித்து இறங்கும்போது பைக் தன் எடையாலேயே ஃபோர்க்கை அமுக்கும். அந்தக் கணத்தில் கயிறு தொய்யும், கொக்கி கழன்று விழும். முழுக்க அமுக்கிவிட்டால் ஃபோர்க்குக்கு வேலை இல்லை. சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் நேராக ஆயில் சீலுக்கும் ஹேண்டில் பாருக்கும் போகும். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் அமுக்கினால் போதும். கயிறு எப்போதும் விறைப்பாக இருக்கும், ஃபோர்க்குக்கும் மூச்சுவிட இடம் இருக்கும். கொக்கியை ஹேண்டில் பாரின் நுனியில் மாட்டாமல், ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்த் தகட்டுக்கு அருகே துணிப் பட்டை போட்டு மாட்டினால் ஹேண்டில் பார் கோணாது, பெயின்ட்டும் போகாது.

கயிற்றில் நைலான்தான் உயர்த்தி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. வலிமையில் குறையில்லை; ஆனால் நைலான் நீளும், நனைந்தால் வலிமையும் குறையும். இந்த வேலைக்குப் பாலியஸ்டர் பட்டை மேல். நீட்சி குறைவு. ஐரோப்பியத் தர விதிப்படி பாலியஸ்டர் பட்டைக்கு நீல நிறச் சீட்டு, நைலானுக்குப் பச்சை, பாலிப்ரொப்பிலீனுக்குப் பழுப்பு, வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பழைய சைக்கிள் டியூபை மட்டும் நம்ப வேண்டாம். அது பைக்கைப் பிடித்து வைக்காது, பைக்கோடு சேர்ந்து ஆடும். கை நழுவினால் அதன் நுனி கண்ணைத் தேடி வரும்.

சாதாரணக் கயிறுதான் கையில் இருக்கிறது என்றால் லாரிக்காரர்களின் வித்தை உதவும். கயிற்றின் நடுவில் ஒரு கண்ணியைப் போட்டு, நுனியைக் கீழ்க் கொக்கியைச் சுற்றி மறுபடி கண்ணிக்குள் விட்டு இழுப்பார்கள். ஏட்டுக் கணக்கில் இழுக்கும் விசை மூன்று மடங்காகும். கயிறு கயிற்றோடு உராய்வதால் நடைமுறையில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். ஆனால் அதே உராய்வு இழுத்ததை நழுவவிடாமல் பிடித்தும் கொள்கிறது. கொக்கியைச் சுற்றிய கயிற்றின் உராய்வை 18ஆம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் லெனார்ட் ஆய்லர் கணக்கிட்டுவிட்டார். உராய்வுக் கெழு 0.3 என்றால், ஒரு முழுச் சுற்றில் 10 கிலோ இழுப்பு 65 கிலோவைத் தாங்கும். இரண்டு சுற்றில் 400 கிலோவுக்கு மேல். கடைசி முடிச்சைப் போடும்போது லோடுமேன் இரண்டு விரலால் கயிற்றைப் பிடித்தபடி வெற்றிலை போடுவது இந்தத் தைரியத்தில்தான்.

இரண்டு பைக் ஏற்றினால் தலை மாற்றி நிறுத்துவார்கள். ஹேண்டில் பார்கள் இடிக்காது. நடுவில் சாக்கு திணிக்க வேண்டும். இரண்டு என்றால் பயணமும் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். குட்டி யானையின் பின் பட்டை ஸ்பிரிங்குகள் முக்கால் டன் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. நூறு கிலோ பைக் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அவை வளைந்துகொடுக்காது. வண்டி வெடுக் வெடுக்கென்று குதிக்கும். ஸ்பிரிங்கின் மேல் எடை கூடக் கூட அதிர்வின் வேகம் குறையும். எடை நான்கு மடங்கானால் வேகம் பாதி. காலி வண்டிதான் அதிகம் குலுங்கும் என்று டிரைவர்கள் சொல்வது அதனால்தான். ஒற்றை பைக்கோடு போகிற பிக்கப் ஏறக்குறையக் காலி வண்டி. வேகத்தடையில் பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

கிளம்பிச் சில கிலோமீட்டரில் ஓரம்கட்டி, நான்கு கட்டையும் தொட்டுப் பார்ப்பது அவசியம். முடிச்சுகள் இறுகி உட்கார்ந்திருக்கும், பட்டை கொஞ்சம் நீண்டிருக்கும், டயர் சற்று இடம் மாறியிருக்கும். கட்டும்போது இருந்த இறுக்கம் அப்போது இருக்காது. ஒரு முறை மறுபடி இறுக்கிவிட்டால் அதன் பிறகு அதிகம் மாறாது. கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை அடைத்தாயிற்றா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ரயிலில் பைக்கைப் பார்சல் போடும்போது டேங்க்கையே காலி செய்யச் சொல்கிறார்கள். சாலையில் அவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனால் குலுக்கல் அதிகம்.

இறக்கும்போது பைக் பின்பக்கமாகத்தான் வரும். பின் சக்கரம் கீழே, எடை அதன் மேல். ஏற்றியபோது பார்த்த கணக்கு அப்படியே பொருந்தும். இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை அரை அரையாக விட்டுப் பிடித்தபடி இறக்க வேண்டும். முன் பிரேக் துணைக்கு மட்டும்.

அதற்கு முன்னால் கட்டை அவிழ்ப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிட வேண்டும். ஸ்டாண்டு இடப்பக்கம். இடப்பக்கக் கயிற்றை முதலில் அவிழ்த்தால், விறைப்பாக இருக்கும் வலப்பக்கக் கயிறு பைக்கை வலப்பக்கம் இழுத்துச் சாய்த்துவிடும். அங்கே தாங்க ஒன்றும் இல்லை. வலப்பக்கத்தை முதலில் அவிழ்த்தால், இடப்பக்கக் கயிறே வண்டியை ஸ்டாண்டின் மேல் கொண்டுவந்து உட்காரவைக்கும். அப்போதும் ஒருவர் ஹேண்டில் பாரைப் பிடித்திருக்க வேண்டும். அமுங்கியிருந்த ஃபோர்க் எழும்பும்போது பைக் ஒரு குலுக்குக் குலுக்கும்.